நவாபுக்குத் தண்ணீர்

பாய்,

இன்று காலை என் பிளாஸ்டிக் சாமான் கடைக்குப் புதுச் சரக்கு வந்தது. பெட்டியைப் பிரித்தால் பச்சையும் நீலமுமாக ஸ்பிரே பாட்டில்கள். புது பிளாஸ்டிக்கின் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள்மேல் எனக்கு மறுபடியும் எரிச்சல் வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன். தி. நகரில் என் பக்கத்துக் கடையில் இத்தனை வருஷம் லைனிங் துணி விற்ற மனிதர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

உங்கள் மகன் ஒரு பச்சோந்தியை வாங்கி வந்த புதிதில் நான் மிரண்டுபோய், "பாய், இத வளத்தா ஃபாரஸ்ட்காரன் பிடிக்க மாட்டானா?" என்று கேட்டேன்.

"அது நம்மூரு பச்சோந்தி அண்ணாச்சி. அத்த வூட்ல வெச்சா உள்ள தூக்கிப் போட்ருவான். இது யேமன் தேசத்துது. பேப்பரெல்லாம் பக்காவா கீது."

தலையில் கொண்டை மாதிரி ஒரு மேடு. ஒரு கண் உங்களைப் பார்க்கும், இன்னொன்று என்னைப் பார்க்கும். நடந்தால் பல்லக்கில் போகிற தோரணை. நவாப் என்று பெயர் வைத்தீர்கள். பையன் வேலை கிடைத்துப் பெங்களூர் போனான். நவாப் உங்களோடு தங்கிவிட்டான்.

அப்புறம் உங்கள் கிட்னி படுத்துவிட்டது. டயாலிசிஸ், படுக்கை, மறுபடி டயாலிசிஸ். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லிவிட்டார்கள். சித்திரை வெயிலில் நீங்கள் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காது.

நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. உங்களுக்கு நான் எதை வாங்கி வருவேன்? இளநீர் ஆகாது. ஆரஞ்சும் வாழைப்பழமும் ஆகாது. இனிப்பு எப்போதுமே ஆகாது. மயிலாப்பூரில் உங்கள் வீட்டு மாடிப்படி ஏறும்போது கை கூசும். ஒருநாள் கடையிலிருந்து ஒரு ஸ்பிரே பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தேன், நவாபுக்கு என்று சொல்லி.

"அட! நவாபுக்குச் சீர் வந்துகீது பாருங்க!" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அடுத்த தடவையும் ஒன்று, அதற்கடுத்த தடவையும் ஒன்று. நீங்களும் அப்போதே அதில் தண்ணீர் நிரப்பி, அந்த வலைக்கூண்டின் செடிமேல் அடிப்பீர்கள். நவாப் முதலில் கண்களை உருட்டிக் கழுவிக்கொள்வான். வெகுநேரம் கழித்து, இலை நுனியில் உருளும் துளியை நக்குவான். "அது குடிக்கறத பாத்தா என் தொண்ட நனையுது அண்ணாச்சி" என்பீர்கள்.

கூண்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் கம்பியில் ஒரு சலைன் பாட்டிலும் குழாயும் தொங்கும். உங்களுக்கு ஏற்றுவது என்று நினைத்துக்கொண்டேன். நோயாளி வீட்டில் தொங்குவதைப் பற்றியெல்லாம் துருவிக் கேட்பார்களா? முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நீங்கள் போனபின் உங்கள் மகன் கூண்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "நவாப அண்ணாச்சி கிட்டயே குடு, அவருக்குத்தான் அது மேல உசுருன்னு அத்தா சொன்னாரு அங்கிள்."

உசுரா? எனக்குப் பல்லியைக் கண்டாலே ஆகாது, பாய். அந்த பாட்டில்களை நான் உங்களுக்காகக் கொண்டு வந்தேன். அழுதுகொண்டு நிற்கிற பையனிடம் இதைச் சொல்ல முடியுமா? வாங்கி வைத்துக்கொண்டேன். "கடையில நெறம் மாத்துற ஆளுகள பாக்கது பத்தலியாக்கும்?" என்றாள் என் மனைவி.

எவர்சில்வர் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டிலால் செடிமேல் தண்ணீர் அடித்தேன். இலை நனைந்ததா, போதும் என்று நிறுத்திவிடுவேன். ஊரிலிருந்து வந்த நாளாக ஆதம்பாக்கத்தில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டவன் நான். எங்காவது சொட்டுகிற சத்தம் கேட்டால் என் கை தானாகப் போய்க் குழாயை இறுக்கும். அடித்த பாட்டிலும் போர்வெல் தண்ணீரின் உப்பு ஏறி இரண்டு நாளில் அடைத்துக்கொண்டது. நான் விற்கும் சரக்கின் லட்சணம் அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஒரு மாதத்துக்குள் அவன் கண்கள் குழி விழுந்துவிட்டன. வெள்ளையாகப் போக வேண்டிய எச்சம் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. அடையாறில் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"தண்ணி குடிக்க மாட்டேங்கு டாக்டர்" என்றேன்.

"கிண்ணத்துல நிக்கிறது இதுக்குத் தண்ணியே இல்ல சார். அசையணும், மின்னணும், கொஞ்ச நேரம் விடாம சொட்டணும். அப்பதான் நாக்க நீட்டும். இப்படியே விட்டா கிட்னி போயிடும். முன்னாடி வளர்த்தவர் சலைன் டியூப் மாதிரி எதுவும் கட்டி வெச்சிருந்தாரா?"

கிட்னி என்ற சொல்லிலேயே எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் கடைசியாகக் கேட்டது உறைக்கச் சற்று நேரம் ஆனது.

நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் வீட்டம்மா இத்தாவில் இருந்தார், அந்நிய ஆண் முன்னால் வரக் கூடாத காலம். இன்னும் பெங்களூர் திரும்பாத மகன்தான் கதவைத் திறந்தான். அந்தக் குழாய் எங்கே என்றேன். "அத்தாவோட மருந்து சாமானோட சேர்த்து எல்லாத்தையும் போட்டுட்டோமே அங்கிள்!"

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் வீட்டம்மாவின் குரல் வந்தது. "அது அவருக்கு இல்லண்ணே, நவாபுக்கு. பகல் பூரா சொட்டிக்கினே இருக்கும். உங்க செருப்பு சத்தம் கேட்டா மூடிடுவாரு. அண்ணாச்சி பாசமா கொணாந்த பாட்டிலு, அவரு எதிர்ல அத்ததான் அடிக்கணும்னுவாரு. நீங்க படி எறங்குனதும் தொறந்து வுட்ருவாரு."

"அம்மா, வுடும்மா" என்றான் மகன்.

"இன்னாடா வுடறது? அந்த பாட்டிலுங்கள வெக்க வூட்ல எடமே இல்ல!"

இது என்ன மரியாதை, பாய்? என் கடையில் மட்டமான வாளியைப் பார்த்தால் வாடிக்கையாளர் முன்னாலேயே "இன்னா அண்ணாச்சி, இது தேறாது" என்று மானத்தை வாங்குகிற ஆள் நீங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உங்களுக்கு எங்கிருந்து வந்தது அவ்வளவு நாசூக்கு? என் மனசு நோகக் கூடாது என்று நீங்கள் மூடி வைத்ததால் ஒரு வாயில்லாத ஜீவன் காய்ந்துபோனது. பல்லி ஆகாது என்று நானும் உங்களிடம் சொன்னதில்லைதான். அதனால் யாரும் தாகத்தில் சாகக் கிடக்கவில்லையே!

வழியில் மருந்துக்கடையில் ஒரு சலைன் செட் வாங்கினேன். ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அதைச் செருகி, கூண்டுக்கு மேலே பால்கனிக் கம்பியில் கட்டி, குழாயின் சின்னச் சக்கரத்தைத் தளர்த்தினேன். துளி இலையில் விழுந்து, உருண்டு, அடுத்த இலைக்குப் போயிற்று. நவாப் அசையவில்லை. "தண்ணி பூராவும் வீணாப் போவுது" என்றாள் இவள். எனக்கும் பொறுக்கவில்லை. மூடிவிடலாம் என்று எழுந்தபோது அவன் ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்தான். இன்னொன்று. துளி விழுகிற இடத்தில் வாயை வைத்து, தலையை நிமிர்த்தி, குடித்தான். வெகுநேரம் குடித்தான்.

இப்போது கண்கள் மேலே வந்துவிட்டன. எச்சமும் வெளுத்துவிட்டது. கிட்னி எவ்வளவு தாங்கும் என்று மட்டும் டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாது என்பதையாவது அவர் என் முகத்துக்கு நேரே சொன்னார்.

தினமும் கடைக்குக் கிளம்பும்முன் சக்கரத்தைத் தளர்த்திவிட்டுச் செருப்பு மாட்டுகிறேன். பின்னால் சொட்டுச் சத்தம் கேட்கிறது. கை இன்னமும் மூடத்தான் போகிறது. உங்களை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே கையை இழுத்துக்கொண்டு படி இறங்குகிறேன்.