பூனை வளர்த்த நாய்க்குட்டி

அன்புள்ள ஹோரியா அண்ணாவுக்கு,

நாய்க்குட்டி முன்னங்காலை நக்கி நக்கிக் காதுக்குப் பின்னால் துடைத்துக்கொண்டிருந்தது, இன்று காலை நான் முதலில் பார்த்தது அதைத்தான். நாய்கள் அப்படி முகம் கழுவாது, உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். ஆனால் அம்மா முதலில் நலம் எழுது என்கிறாள். ஆண்டவர் அருளால் இங்கே மனிதர்களும் ஆடுகளும் சுகம், நீயும் எல்லை தாண்டி அந்த ஸரகோஸா நகரத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தொப்பி போட்டு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொள்கிறாள். அம்மாவின் வலக்கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், இடக்கண்ணில் ஏற்கெனவே மூட்டம்தான், அதனால் இந்த முறை அவள் சொல்லச் சொல்ல ஸ்மரந்தாவாகிய நான் எழுதுகிறேன். அடுப்போரம் உட்கார்ந்திருக்கிறாள். முடித்ததும் முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டுமாம்.

அப்பா மலைமேல் ஆட்டுப்பட்டியில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இறங்கி வருகிறார். அங்கே ஆளும் சாமானும் ஏற்றி வருகிற திபேரியுவின் வேனில் இரண்டு உருண்டை பாலாடைக்கட்டியும் நான்கு ஜாடி பிளம் பாகும் அனுப்புகிறோம், பாலாடைக்கட்டியை ஈரத்துணியில் சுற்றி வைக்கச் சொல்கிறாள், காலி ஜாடிகளை மறக்காமல் திருப்பி அனுப்பு, போன முறை அனுப்பியதில் ஒன்றுகூட வரவில்லை. ஊசி போட வந்த கால்நடை மருத்துவர் நம் மூவண்ணப் பூனையைப் பார்த்துவிட்டு, மூன்று நிறம் இருந்தால் அநேகமாக எல்லாமே பெட்டைதான் என்றார். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வதில்லையாம், அது மனிதர்களிடம் பேசுவதற்காக மட்டுமாம். அம்மா உடனே, பூனைகூட நம்மகிட்டப் பேசுது, இந்த வீட்ல ஒருத்தி மட்டும் வாயே திறக்கமாட்டா என்றாள். மருத்துவர் சிரித்தார். நான் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

நாய்க்குட்டி கதை இதுதான். மாசியில் பட்டிக் காவல் நாய் ஒன்பது குட்டி போட்டது, கடைசிக் குட்டியை மற்றவை பால் குடிக்க விடவில்லை, நான் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியில் சுற்றிக் கீழே கொண்டுவந்து பூனையிடம் விட்டேன். பூனைக்கு அப்போது இரண்டு குட்டிகள், மூன்றாவதாக இதையும் நக்கிக் குளிப்பாட்டிப் பால் கொடுத்தது. நான் செய்தது தப்பு, அது அப்போது தெரியவில்லை. மற்ற எட்டும் பட்டியிலேயே ஆட்டுக்குட்டிகளோடு உருண்டு புரண்டு வளர்ந்தன. அப்பா சொல்வது உனக்குத் தெரியும், பத்து வாரத்துக்குள்ள ஆட்டு வாசத்துல படுக்கவச்சிட்டா அப்புறம் சங்கிலியே வேணாம், ஆட்டத்தான் சொந்தம்னு நினைச்சுக்கும் என்பார். இதற்குப் பதினான்காவது வாரம் ஆனபோதுதான் மேலே கொண்டுபோனார். அன்று மாலையே அது சமையலறை வாசலில் வந்து நின்றது. மறுபடி கொண்டுபோனார், மறுபடி வந்தது. மூன்றாம் தடவை, பெரிய நாய்கள் மான் துரத்தாமல் இருக்கக் கட்டுவோமே, அந்தக் கட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டார், முழங்காலில் கட்டை இடிக்க இடிக்க அப்படியே மலை இறங்கி வந்துவிட்டது. அப்பா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, நேரம் தப்பிப்போச்சு, இனிமே இத எந்தப் பட்டியிலயும் நிறுத்த முடியாது என்றார். இப்போது அம்மா காலடியில்தான் படுக்கிறது. பூனையிடம் எல்லாம் கற்றுக்கொண்டது, ஒன்றைத் தவிர, பிளம் பாகைக் கண்டால் நக்கித் தீர்த்துவிடும், பூனை அதை முகர்ந்துகூடப் பார்க்காது. பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது என்று மருத்துவர் சொன்னார்.

இனி நீ கேட்டிருந்த விஷயம். உன் முதலாளியின் தங்கை நடத்துகிற இடத்தில், ஊருக்குப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் நாய்களையும் பூனைகளையும் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும், மாலையில் படிக்கவும் போகலாம், இந்தச் சனிக்கிழமை வேனில் இடம் வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தாய். அம்மா சொல்கிறாள், நாய்க்கும் பூனைக்கும் விடுதியாம், இங்க மருமக வந்தா போடறதுக்கு ஒரு கட்டில் இல்ல. பிறகு சொன்னாள், எழுதிக்கோ, தங்கச்சிக்கு இங்கதான் பிடிச்சிருக்கு, அவ வரமாட்டா, வேற பொண்ணப் பாத்துக்கச் சொல்லு. அதை எழுதிவிட்டேன். மாதாவின் காப்பு எப்போதும் உன்மேல் இருக்கட்டும், குடிக்காதே, வாரம் ஒரு தரமாவது கோயிலுக்குப் போ என்று ஆசீர்வாதமும் சொல்லி முடித்துவிட்டாள்.

இனி வருவது அம்மா சொன்னதில்லை. நான் அவ்ளோ சொல்லலையேடி, இன்னும் என்ன கீறிக்கிட்டே இருக்க என்கிறாள், பேனா சத்தம் அவளுக்குக் கேட்கிறது. நாய்க்குட்டியப் பத்தி என்றேன். அண்ணா, நீ கடைக்கு போன் செய்தபோது கடைக்காரரும் இரண்டு பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், நான் உன்னிடம் சரி என்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா போகவேண்டாம் என்றாள், அவளிடமும் சரி என்றேன். இவளுக்கு ஆடுங்களே போதும், ஆளுங்களோட பேசத் தெரியாது என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் பேசாமல் இருப்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். எட்டாம் வகுப்பு முடிந்த வாரமே பால் கறக்க மேலே அனுப்பினார்கள், எனக்கு அப்போது பதினான்கு வயது. நான்கு கோடை அந்த வேலிக்குள் உட்கார்ந்து, கீழே சாலையில் போகிற வேன்களை எண்ணியிருக்கிறேன். ஆடுகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அவை என் சொந்தம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. போன வசந்தத்தில் பதினெட்டு முடிந்துவிட்டது, எல்லையில் யாருடைய சம்மதத் தாளும் கேட்கமாட்டார்கள்.

நான் வருகிறேன். இந்தச் சனிக்கிழமை அல்ல, அம்மாவுக்கு வியாழக்கிழமைதான் கட்டு அவிழ்க்கிறார்கள், அதற்குப் பிறகும் ஒரு வாரம் குனியக் கூடாது, ஆகவே அதற்கடுத்த சனிக்கிழமைக்கு இடத்தை மாற்றச் சொல். பக்கத்து வீட்டு வேத்தா சித்தியை மாலைப் பால் கறக்கக் கேட்கப்போகிறேன். அப்பாவிடம் ஞாயிறன்று நானே சொல்கிறேன், வாய் வராவிட்டால் எழுதிக் கொடுக்கிறேன்.

அம்மா வாசிக்கச் சொன்னாள். அவள் சொன்னதை மட்டும் வாசித்துவிட்டு மடித்திருக்கலாம், அவளுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் வாசித்தேன். வேன் எண்ணியதையும் வாசித்தேன். அம்மா நாய்க்குட்டியை மடியருகே கூப்பிட்டு அதன் முதுகைத் தடவினாள். அப்புறம், சித்திகிட்ட நீ கேக்காத, உனக்கு வாய் வராது, நான் கேக்குறேன் என்றாள். பிறகு, கையெழுத்துப் போட எனக்கு இடம் வச்சியா, இல்ல அதையும் நீயே நெரப்பிட்டியா என்றாள். எழுந்து போய்ப் பேனாவை அவள் கையில் கொடுத்து, அவள் விரலைத் தாளின் அடியில் வைக்கிறேன்.

உன் அம்மா
ஃப்ளோவாரியா