மணலுக்கு வைத்த விருந்து

டோட்சே, வெங்காய மகாராசாவே,

நம் பாத்தி வெறும் மணல். யூரியாவை நாலு தடவையாகப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். நீங்களோ, "ஒரே தடவைல போட்டா வேல முடிஞ்சுதுல்ல?" என்று மூட்டையைக் கவிழ்த்து, பகல் முழுக்கத் தண்ணீரும் பாய்ச்சினீர்கள். உரமெல்லாம் மணலுக்குள் இறங்கிவிட்டது. வெங்காயத் தாள் மஞ்சளாக நிற்கிறது. "உன் வீட்டுக்காரர் வெங்காயத்துக்கு வெச்சாரா, கிணத்துக்கு வெச்சாரா?" என்று பக்கத்துப் பாத்தி எசினாம் கேட்கிறாள். அன்லோகா ஊரே சிரிக்கிறது.

பாத்திக்கு உரமாகப் போட வௌவால் எச்சம் வாங்கிவரத் தங்கை ஊருக்குப் போகிறேன். திரும்ப நாலு நாளாகும். நாலு நாளைக்கான அக்ப்ளே களியையும் ஒரே சட்டியில் கிண்டி வைத்திருக்கிறேன். மொத்தத்தையும் இப்போதே தின்றுவிடுங்கள். வேலை முடிந்ததல்லவா?

அஃபேஃபா

மறந்துவிட்டேன்: பானைத் தண்ணீரை மட்டும் குடியுங்கள். கிணற்றில் இருப்பது உங்கள் யூரியா.