டிஸ்க் இல்லாத கேம்

ஞாயிறு ராத்திரி. மழை விடல.

ரொம்ப அலுப்பா இருக்கு. லோரி ஓட்டுற குமார் அண்ணன் திரிங்காப்பு ஊர்ல வழுக்கி விழுந்து, காலுல கட்டோட வீட்டுல கிடக்காரு. காலையில அவர் சம்சாரம் செல்வி அக்கா வந்தாங்க. "தம்பி, நீ புதுசா வாங்கின கார் கேம் டிஸ்க்கை குடு. அண்ணன் நச்சரிப்பு தாங்கல லா."

டிஸ்க் இல்லக்கா, ஆன்லைன்ல வாங்கினது, என் கணக்குல மட்டும்தான் ஓடும்னேன். அக்கா முகம் சுருங்கிடுச்சு. எங்க எஸ்டேட் லயத்துல ஒருத்தன் கேம் வாங்கினா எல்லா வீடும் சுத்திட்டு, கீறலோட திரும்பி வரும். இல்லைன்னு சொன்ன மொத ஆள் நான்தான்.

மனசு கேக்காம சாயங்காலம் என் கேம் மெஷினையே தூக்கிக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். இன்டர்நெட் வேணும்னு சொல்லி கேம் திறக்கவே இல்ல. மேட்டுக்கு அடியில இருக்கிற வீடு, அங்க போன் லைனே வராது. காசு குடுத்து வாங்கின எனக்கே அனுமதி இல்லையாம். என்ன எழவு வியாபாரம் இது?

அண்ணன் சிரிச்சுக்கிட்டே அவரோட பழைய டிஸ்க் ஒண்ணை சட்டையில துடைச்சு என் மெஷின்ல போட்டாரு. உடனே ஓடிச்சு.

கிளம்பறப்ப அக்கா அதையே என் கையில திணிச்சாங்க. "எடுத்துட்டுப் போப்பா. பாவம், உன்கிட்டதான் ஒண்ணுமே இல்லையே."