மூடி திறக்காத டப்பா

அன்பு மகள் நஹ்லாவுக்கு உம்மா எழுதுவது. உனக்கு ஸலாம். அல்லாஹ்வின் காவலில் நாங்கள் இருவரும் இருக்கிறோம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் துஆ. உன் போன் அணைந்தே கிடப்பதால், குவைத்தில் மகனைப் பார்க்கப் போகும் உம்மு ஸியாதிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கொஞ்சம் மாங்காய் ஊறுகாயும் இருக்கிறது. இங்கே நம் இஸ்மாயிலியாவில் இந்த வருஷம் காய்ப்பு சுமார்தான், வாப்பாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, உன் தம்பி மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள்.

மகளே, அந்த டப்பா விஷயத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆண்கள் ஜிம்மில் விற்கிற எதையும் நீ தொட்டதில்லை, புரதப் பொடி வாங்கினால்கூட மூடியின் முத்திரையைப் பார்ப்பாய், பின்னால் இருக்கும் பொடி எழுத்தையெல்லாம் படிப்பாய், உனக்குப் பயிற்சி கொடுத்த கேப்டன் ஹில்மியிடம் காட்டிவிட்டுத்தான் வாயில் வைப்பாய். பளு தூக்கப் போகுமுன் கலக்கிக் குடிக்கிற அந்தச் சிவப்புப் பொடியையும் அப்படித்தான் வாங்கினாய். உன் சிறுநீரில் ஊக்க மருந்து இருந்தது என்று சம்மேளனத்தார் நான்கு வருஷம் போட்டித் தடை போட்டபோது, இந்தப் பொடியிலிருந்துதான் வந்திருக்கும் என்று திறந்த டப்பாவைக் கொண்டுபோனோம், நீயே உள்ளே கலந்திருக்கலாமே என்றார்கள். அதே தயாரிப்பு எண் போட்ட, திறக்காத டப்பா வேண்டும் என்றார்கள். நீ அழுதுகொண்டே குவைத்தில் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு விமானம் ஏறினாய். நான் கடை கடையாக ஏறினேன்.

உனக்கு அதை விற்ற ஷெரீஃபிடம்தான் முதலில் போனேன். அலமாரித் தட்டில் அந்தச் சாமானே இல்லை, துடைத்து வைத்திருந்தான். "அப்படி ஒரு டப்பா நம்ம கடைக்கு வந்ததே இல்ல ஹாஜியாம்மா, உங்க மக வேற எங்கயோ வாங்கியிருப்பா" என்றான். நீ அவன் கடைப் பையோடு வீட்டுக்கு வந்ததை என் கண்ணால் பார்த்தேனே என்றேன். "பை எல்லார்கிட்டயும்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். கெய்ரோ வரைக்கும் போய்ப் பார்த்தேன், எங்கும் வேறு எண்தான். கடைசியில் உன்கூட ஜிம்முக்கு வந்த ஹனான் நினைவு வந்து அவள் வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்கு உடம்பு இறுக வேண்டும் என்று உன்னைப் பார்த்து அவளும் வாங்கினாளாம், பிள்ளை உண்டானதும் நிறுத்திவிட்டாளாம். "ஒண்ணைப் பிரிக்கவே இல்ல அத்தை, ஃப்ரிட்ஜ் மேல கெடக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். அடியில் இருந்த எண்ணைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அதே எண். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், வயிற்றுப்பிள்ளைக்காரி பயந்தே போய்விட்டாள்.

உனக்குச் சொல்லாமலே, கேப்டன் மூலமாக அதைச் சோதனைக்கு அனுப்பினோம். முடிவு வந்துவிட்டது என்று போன செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். வைத்த தேநீரைத் தொடவில்லை. அதில் ஒன்றும் இல்லையாம், மேலே அச்சடித்திருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறதாம். "ஒரு டப்பாவுல கலந்திருக்கும், பக்கத்து டப்பாவுல கலந்திருக்காது. ஆலையில அப்படி நடக்கிறதுதான் அக்கா. ஆனா அதை யார்கிட்டப் போய் நிரூபிக்கிறது? அவ குடிச்ச டப்பா திறந்ததாச்சே" என்றார். வழக்கை முடித்துவிட்டார்கள். தடை அப்படியே நிற்கும். அது தீரும்போது உனக்கு முப்பது வயது நடக்கும், அப்போது மேடையில் உன் எடைப் பிரிவில் வேறு பிள்ளைகள் நிற்பார்கள். இனி தட்டுவதற்குக் கதவு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உனக்குப் பொய் ஆறுதல் எழுத மனசு வரவில்லை.

அவர் போன பிறகு வாப்பா அந்த ஆறிய தேநீரை எடுத்துப்போய்க் கொட்டினார். பிறகு, "நவால், நம்ம புள்ள எதையாச்சும் எடுத்திருப்பாளோ?" என்று கேட்டார். உன்மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷன், அவர் வாயில் அது வந்துவிட்டது. "எடுக்கல" என்றேன். அந்த டப்பா கிடைத்தால் எல்லோர் வாயையும் அடைத்துவிடலாம் என்றிருந்தேன், இப்போது அதுவே எதிராளிக்குச் சாதகமாகிவிட்டது. இனி என் வார்த்தையைத் தவிர உனக்குச் சாட்சி கிடையாது, அதுவும் பெற்றவள் வார்த்தை, யார் எடுத்துக்கொள்வார்கள்? தொழுகையில் உட்கார்ந்தால், உண்மை என்னவென்று எனக்குக் காட்டு என்று நாக்கு நுனி வரை வருகிறது. கேட்காமல் எழுந்துவிடுகிறேன். நீயும் எனக்கு எதுவும் விளக்கி எழுத வேண்டாம். எடுக்கவில்லை என்று ஒரு முறை சொன்னாய், நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு, முட்டையும் அவித்த ஃபூல் பயறும் விடாதே. ரமலானுக்கு வர முடியுமானால் வா, முடியாவிட்டால் சங்கடப்படாதே. அல்லாஹ் உன் நெஞ்சுக்கு நிம்மதியையும் உன் கைக்கு பரக்கத்தையும் தரட்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அங்கே உன்னிடம் பயிற்சிக்கு வருகிற பெண்கள் எந்தப் பொடி நல்லது, எதை வாங்கலாம் என்று உன்னைத்தான் கேட்பார்கள். முத்திரை இருந்தாலும் சரி, நீயே குடித்துப் பார்த்ததாக இருந்தாலும் சரி, எதற்கும் பேர் சொல்லாதே. நீ கை காட்டியது என்று நம்பி ஒருத்தி வாங்குவாள். அவளுக்கும் ஒரு தாய் இருப்பாள்.

என்றும் உன் நினைவாக,
உம்மா நவால்