படியோரத்து ஆர்க்கிட்

பிப்ரவரி 9

அன்புள்ள சின்னுவுக்கு,

அண்ணி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

இங்கே உன் அண்ணனுக்கு ஆர்க்கிட் பைத்தியம் முற்றிவிட்டது. வாங்குவதெல்லாம் வெள்ளை. மாடிப்படியின் மேலே ஒன்று, கீழே ஒன்று, குளியலறை வாசலில், சமையலறைக் கதவோரத்தில் என்று நடக்கிற வழியெல்லாம் தொட்டி. பூத்தது மட்டும்தான் உள்ளே. வாடினால் அன்றைக்கே பால்கனியிலிருந்து வேறொரு பூத்த தொட்டி அதே இடத்துக்கு வந்துவிடும். எதிர்வீட்டு டீச்சரம்மா, "என்னம்மா, கண்காட்சியா? டிக்கெட் எவ்வளவு?" என்கிறாள்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. போன வாரம் விருந்தாளிகள் வந்தபோது மேல்படித் தொட்டியை எடுத்துக் கூடத்து மேசையில் வைத்தேன். சாயங்காலம் உன் அண்ணன் அந்தப் படியிலிருந்து உருண்டு விழுந்தார். முழங்கைத் தோல் பிய்ந்துவிட்டது. அந்த வலியிலும், "பூவை யாரைக் கேட்டு எடுத்தே?" என்று அப்படி ஒரு சத்தம். இத்தனை வருஷத்தில் என்னிடம் குரல் உயர்த்தாத மனுஷன். மறுநாள் கைக்கட்டோடு பள்ளிப் பேருந்து ஓட்டவும் போய்விட்டார்.

போனில் பேசினால் அவர் காதில் விழும். பதிலை என் சலவைக்கடை முகவரிக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிக்கக்கூட மனம் ஓடவில்லை. விழுந்தபோது படியில் விளக்கு எரிந்ததா? பக்கத்திலிருந்து டம்ளரை நீட்டினால் வாங்கிக்கொள்கிறானா?

அப்பாவை நீங்கள் பார்த்ததில்லை. அவருக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் இருட்டில் தெரியவில்லை. அப்புறம் பக்கவாட்டுப் பார்வை போயிற்று; குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நேரே மட்டும் தெரியும். பிள்ளைகளுக்கும் வரலாம் என்றார் டாக்டர். நான் பரிசோதித்துக்கொண்டேன், ஒன்றுமில்லை. அண்ணனும், "எனக்கும் ஒண்ணுமில்லையாம்" என்றுதான் சொன்னான்.

பூவை இருந்த இடத்திலேயே வையுங்கள். பள்ளியில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த மாதம் லீவு கிடைத்ததும் வருகிறேன். நான் பக்குவமாகப் பேசிப் பார்க்கிறேன்.

சின்னு


பிப்ரவரி 19

சின்னு,

டம்ளரை நீட்டினேன். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அதற்குமேல் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"வெள்ளைன்னா மங்கலாவாவது தெரியுது. அதான் ஓரத்துல வெச்சேன்" என்றார்.

"அப்ப ரோட்டுல?"

"காலையில நல்ல வெளிச்சம். அந்த ரூட்டு எனக்கு மனப்பாடம்."

"குறுக்க ஓடி வர்ற குழந்தை? அதுவும் மனப்பாடமா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நீ வெளிய வாயைத் திறந்தா அன்னியோட நமக்குள்ள பேச்சு முடிஞ்சுது."

நல்லவேளை, இந்த வாரம் பள்ளி விடுமுறை. இருபத்தைந்தாம் தேதி திறக்கிறார்கள். அதுவரைதான் என் பொறுமை. நீ வரும்வரை என்னால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க முடியாது.

அண்ணி


பிப்ரவரி 22

அண்ணி,

அவசரப்படாதீர்கள். அண்ணன் நேற்று போன் செய்து அழுதான். அவன் அழுது நான் கேட்டதே இல்லை. நாலு பேர் முன்னால் அவனைத் தலைகுனிய வைத்தீர்களானால் நானும் உங்களை மன்னிக்க மாட்டேன். உங்களுக்கு இப்படி எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சின்னு


மார்ச் 6

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் போனேன்.

பள்ளி திறந்த அன்று அவருக்கு முந்தியே பேருந்துக் கொட்டகைக்குப் போய், ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மற்ற ஓட்டுநர்கள் கூடிவிட்டார்கள். பொறுப்பாளர் ஓடி வந்தார். இவரும் வந்தார்.

"இறங்கு. என் மானத்தை வாங்காத."

"உங்க வலது பக்கம் யார் நிக்கறாங்கன்னு திரும்பாம சொல்லுங்க. இறங்கிடறேன்."

கைக்கெட்டும் தூரத்தில் பொறுப்பாளரே நின்றிருந்தார். அவர் என்னவோ சொல்ல வந்து, இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "தெரியும்" என்று ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். உன் அண்ணன் அப்படிச் செய்யவில்லை. நேரே என்னைப் பார்த்தபடி, "சார், எங்க இருக்கீங்கன்னு தெரியலை. வண்டிக்கு வேற ஆளை அனுப்புங்க" என்றார். சாவியை நீட்டினார். பொறுப்பாளர்தான் நகர்ந்து வந்து வாங்கிக்கொண்டார்.

சொன்னபடியே என்னோடு பேச்சில்லை. கண் டாக்டரிடம் வந்தார், வழி முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. சாலையைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கடந்ததும் விட்டுவிட்டார்.

நீ என்னை மன்னிக்க வேண்டாம். ஆனால் வந்துவிடு. வந்ததும் அவர் காதில் விழும்படி என்னை நன்றாகத் திட்டு. நான் எதிர்த்துப் பேச மாட்டேன். இந்த வீட்டில் இப்போது அவர் பக்கம் ஒருத்தராவது இருக்க வேண்டும், சின்னு. நான் அப்படி இருக்க அவர் விடமாட்டேன் என்கிறார்.

உன் அண்ணி