நாலு மணிக்கு வாசலில் நிற்பவர்

அன்பு மகன் றிப்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலியைத் தவிர அல்லாஹ் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நீயும் உன் மனைவியும் பிள்ளையும் அங்கே சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவை நான் முறித்து அந்நிய ஆணை அறைக்குள் விட்டேன் என்றும், மவுத்தானவருடைய பெட்டியோடு கதைக்கிறேன் என்றும் உன் மாமி பாத்தும்மா சாய்ந்தமருதுவரை சொல்லி வைத்திருக்கிறா. இரண்டும் பொய். எவரும் அறைக்குள் வரவில்லை. நான் அந்தப் பெட்டியோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

நீ விட்டுப்போன கேம் விளையாடும் லெப்டொப்பைத்தான் சொல்கிறேன். வாப்பா அதை அசர் தொழுகைக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பார், மார்க்க பயான் கேட்கிறார் என்றே நினைத்திருந்தேன். அவர் மவுத்தாகிப் பத்தாம் நாள், நாலு மணிக்கு, யாரும் தொடாமலே அது விழித்துக்கொண்டது. மூடியைத் திறந்தால் விளையாட்டு ஒன்று. கடற்கரையில் ஒரு கல்வீடு, அதற்குள் தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர் வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அது விளையாட்டில் வாப்பாவின் ஆள் என்று உன் தங்கச்சி ஸம்றா சொன்னாள், தலைக்கு மேலிருந்த பெயரும் அவருடையதுதான். சற்று நேரத்தில் மணலில் இன்னொருவர் நடந்து வந்தார். தலைக்கு மேல் பெயர் இல்லை. வாசற்படிவரை வந்து நின்றார். படியில் கால் வைக்கவில்லை. பத்து நிமிடத்தில் லெப்டொப் இரைந்து, சூடேறி, அணைந்துவிட்டது. மறுநாளும் நாலு மணி, அதே நடை, அதே நிற்பு. இப்படி ஒரு மாதம். மாமி ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதிவிட்டு அந்த அறைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டா. எனக்கோ அவர் எவ்வளவு நேரம் நிற்கிறார், எப்போது திரும்பிப் போகிறார் என்று பார்க்காமல் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் காரைதீவு கனகசபாபதியைக் கூப்பிட்டேன், முன்பு நம் ரேடியோ திருத்தியவர், இப்போது கல்முனையில் கணினி பார்க்கிறார். வாப்பாவின் பொருளை வேறு கை திறப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆகவே ஹோலில் திரை கட்டி, அவர் அந்தப் பக்கம் கதிரையில் இருந்து சொல்ல, நான் இந்தப் பக்கம் மேசையில் திறந்தேன். ஸம்றா என் பக்கத்திலேயே இருந்தாள். பதினொரு ஸ்க்ரூவையும் கழற்றிய ஒழுங்கிலேயே பீங்கானில் வைத்தேன், கொன்வென்ட்டில் தையல் சிஸ்டர் ஊசி அடுக்கப் பழக்கியது வீண் போகவில்லை. பேட்டரி வயரைப் பிடுங்கும்போதுதான் பிழை வந்தது. அவர் தன் கையைப் பார்த்து வலப்பக்கம் என்கிறார், எதிரே இருக்கும் எனக்கு அது இடப்பக்கம், வேறு வயரைப் பிய்க்கப் பார்த்தேன். பிறகு கடல்பக்கம், ரோட்டுப்பக்கம் என்று சொல்லச் சொன்னேன். சரியாக வந்தது. விசிறிக்குள் பஞ்சுபோல் தூசி, அதில் மருதோன்றிச் சிவப்பாக நாலைந்து தாடி மயிர். அவ்வளவு நெருங்கி இருந்து பார்த்திருக்கிறார். அவற்றை எடுத்து வைத்திருக்கிறேன். சூடு தணிக்கும் பழைய பசையைத் துடைத்து உழுந்தளவு புதுப் பசை வைத்து, அவர் கொண்டுவந்த புது ரேம் அட்டையையும் சொடுக்கென்று பொருத்தி மூடினேன்.

இப்போது அணைவதில்லை. வாசலில் நிற்பவர் அந்தி மஃரிப் பாங்குவரை நிற்கிறார், விளையாட்டில் மழை பெய்தாலும் நிற்கிறார், பாங்கு கேட்டதும் போகிறார். நாலு மணிக்கு விழிக்கும்படி வாப்பாவே நேரம் குறித்து வைத்திருக்கிறார், அதில் பயமில்லை என்று கனகசபாபதி சொன்னார். ஆனால் சென்ற செவ்வாய் காற்றில் வயர் அறுந்து ஊரிலேயே இன்டர்நெட் இல்லை. அன்றும் அவர் மணலில் வந்து நின்றார். கனகசபாபதியை மறுபடி வரவழைத்துக் கேட்டதற்கு, திரைக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, “லைன் இல்லாம வெளியால இருந்து ஒருத்தரும் வர ஏலா டீச்சரம்மா. பழைய உருவத்த அது பிடிச்சு வெச்சிருக்கும் போல” என்றார். அந்தப் ‘போல’ எனக்குப் பிடிக்கவில்லை. நேற்று நான் ஒரு பொத்தானைத் தொட்டேன். கிழவர் வாசல்பக்கம் திரும்பினார். வெளியே நின்றவர் ஒரு அடி பின்னால் போனார். கையை எடுத்துவிட்டேன்.

நீ விரும்பியவளைக் கலியாணம் முடித்த அன்று, என் வாசற்படியை மிதிக்காதே என்று வாப்பா சொன்னபோது பக்கத்தில் நின்றவள் நான். ஐந்து வருடம் அந்தச் சொல்லை நானும் காத்தேன். வாப்பா மவுத்தான செய்தியை ஸம்றா அறிவித்தும் நீ ஒரு வரி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இங்கே நாலு மணியென்றால் அங்கே பிள்ளை தூங்கி நீ ஓய்வாயிருக்கும் நேரம் என்று ஸம்றா சொல்கிறாள். என்னிடம் மறைத்து நீயும் வாப்பாவும் அந்த விளையாட்டுக்குள் சந்தித்து வந்தீர்களா? அப்படியென்றால் எனக்குக் கோபமில்லை, அவருடைய கபுறுக் குழிக்கு அது வெளிச்சம். உன் வாப்பா இல்லாத வீட்டின் வாசலை இனி நான் சொல்கிறேன்: படியேறி வா, அந்தக் கல்வீட்டிலும் இந்த வீட்டிலும்.

அல்லாஹ் உங்கள் மூவருக்கும் பரக்கத்தும் நீண்ட ஆயுளும் தரட்டும். சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே. என் இத்தா முடிய இன்னும் பத்தொன்பது நாள், அதுவரை தினமும் நாலு மணிக்கு நான் அந்த மேசையில் இருப்பேன். தொலைபேசியில் சொல்லாதே, குரலில் மறைக்க உனக்குத் தெரியும். அங்கே நிற்பது நீயா இல்லையா என்று உன் கையால் எழுதித் தபாலில் அனுப்பு. இல்லையென்றாலும் எழுது.

இப்படிக்கு,
உன் உம்மா