பார்க்காததற்குக் கையெழுத்துப் போடமாட்டேன், நடேசா

என் நடேசா,

நீ போய் ஏழு மாதமாகிறது. இன்று காலை சூப்பரின்டெண்டென்ட்டிடம் "முடியாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்டால் சிரிப்பாய். மேலதிகாரி தும்மினாலே எழுந்து நிற்பவன் என்று என்னைக் கேலி செய்தவன்தானே நீ?

விஷயம் அந்தக் கேஸ் நோட்டுதான். எம்.எஸ். படிக்கும் டாக்டர்கள் செய்கிற ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் எதிரே, 'என் மேற்பார்வையில் நடந்தது' என்று நாம் கையெழுத்துப் போடவேண்டும். எப்போது போட்டோம்? காலையில், ஆபரேஷனுக்கு முன்பே, டீ ஆறுவதற்குள். ஓ.பி.யில் வெளிநோயாளிகளைப் பார்க்க உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்க முடியாதே! யுத்தத்துக்குப் போன டாக்டர்களின் வேலையையும் சேர்த்து நாம் இரண்டு பேர்தானே பார்த்தோம்.

அன்றைக்கும் அப்படித்தான். பத்மா அவளுடைய எம்.எஸ். பயிற்சியில் ஒரு குடலிறக்க ஆபரேஷனுக்குத் தயாராக நின்றாள். நீ ஆபரேஷன் தியேட்டருக்குக் கிளம்பினாய். சூப்பரின்டெண்டென்ட்டின் ஆர்டர்லி முனுசாமி வழிமறித்தான்.

"இன்னா டாக்டர், எங்க போறீங்க? லைன் கேட்டு வரைக்கும் நின்னுகினு கீது. பெரியவரு உங்களத்தான் உக்காரச் சொன்னாரு."

நீ உட்கார்ந்தாய். பக்கத்து மேஜையில் நான் இருந்தேன். ரத்தம் நிற்கவில்லை என்று பத்மா ஆளனுப்பி, நீ ஓடிப்போய்ச் சேர்வதற்குள் நோயாளி போய்விட்டார்.

விசாரணையில் உன் கையெழுத்தைக் காட்டி 'மேற்பார்வையில் அலட்சியம்' என்று எழுதினார்கள். உன்னை உட்கார வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் நீ ஒரு வேளையாவது சரியாகச் சாப்பிட்டாயா? உன் மரணச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

கத்தி பிடிக்க நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கத்தி பிடிக்கிறவர் பக்கத்தில் எப்படி நிற்பது, எப்போது கையை நீட்டுவது, எப்போது சும்மா இருப்பது? இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நிற்க நேரமாவது கொடுத்தார்களா? ஆபரேஷன் நாளில் மேற்பார்வையாளருக்கு ஓ.பி. கூடாது, மேற்பார்வையும் ஒரு வேலை, அதற்கும் பயிற்சி வேண்டும் என்று இன்று காலை சூப்பரின்டெண்டென்ட்டிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் காகிதத்தைப் புரட்டக்கூட இல்லை.

"ஊரே பண்றதை நீர் மட்டும் ஏன் மாட்டேங்கறீர்? திங்கட்கிழமைக்குள்ள நோட்டுல போட்டுடும். இல்லேன்னா பெல்லாரிக்கு மாத்தல்தான்."

"பெல்லாரியிலும் தியேட்டர் இருக்கு சார். அங்கேயும் பார்க்காம போடமாட்டேன்."

நோட்டு நிறையாவிட்டால் பத்மா பரீட்சை எழுத முடியாது. அதுதான் எனக்கு உறுத்தியது. மத்தியானம் அவளிடமே சொன்னேன்.

"ஒரு வருஷம் போனா போகட்டும் சார். நீங்க பக்கத்துல நிக்காம இனிமே நான் கத்தியைத் தொடறதா இல்ல," என்றாள். பிறகு அந்த நாளின் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

உன் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: 'ஆபரேஷன் நேரத்தில் டாக்டர் நடேசன் ஓ.பி.யில் இருந்தார். மேலிடத்து உத்தரவால் உட்கார வைக்கப்பட்டார். பக்கத்து மேஜையிலிருந்து நான் பார்த்தேன்.' விசாரணையில் சொல்லியிருக்க வேண்டியது. என் பெயரை முழுசாகப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டைக்குப் போய் உன் மகள் செல்விக்கு இதைப் படித்துக் காட்டுவேன். அவள் அப்பா அலட்சியக்காரர் இல்லை என்று அவளுக்குத்தான் முதலில் தெரியவேண்டும். திங்கட்கிழமை அதே பக்கத்தைத் திறந்து சூப்பரின்டெண்டென்ட் மேஜையில் வைப்பேன். இந்தத் தடவை வாயை மூடமாட்டேன், நடேசா.

உன் செல்விக்கு மாமன்,
ரஹீம்